ஆறு துளைக் கொண்டியில் இரண்டாவது பூட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு மாத இதழ்க்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு கட்டுரை கேட்டார்கள். 'உங்கள் காரைத் திருட்டிலிருந்து காப்பாற்ற எட்டு வழிகள்.' தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள். எட்டு என்பதும் அவர்கள் முடிவு செய்ததுதான். என்னிடம் கார் கிடையாது. அதனால் நடுநிலையோடு எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

எட்டு வழி தெரிந்த ஆளைத் தேடியபோது, ஒரு மெக்கானிக் என்னை 'பூட்டுக்காரர்' வீட்டுக்கு அனுப்பிவைத்தார். தெருவில் வைத்த பெயர் அது. மனிதர் கல் உடைக்கும் கிரஷர் ஆலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு பழைய, நீல நிறக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு மணி நேரம் அதன் பூட்டுகளைப் பற்றிப் பேசினார். எட்டு வழி பதினொன்றாகிவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு போட்டிருந்தது. அதில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் சொன்னார். இன்னொன்றைத் தொடாமல் தாண்டிப் போனார்.

"இது?" என்று கேட்டேன்.

"அது இவளோடது" என்று சமையலறைப் பக்கம் தலையை ஆட்டிவிட்டு அலாரத்துக்குப் போய்விட்டார். உள்ளே ஒரு பெண் சிரித்தது கேட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த இரண்டாவது பூட்டு பூட்டியிருந்ததா, சும்மா மாட்டியிருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. இனி வருவதில் பூட்டுகள் அவர் சொன்னவை. மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.*

(* கட்டுரை எங்கே என்று இதழ்க்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால், பதினொரு வழிகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.)

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது: 'இருட்டு கவிந்த அந்தத் தெருவுக்குள் முகத்தை மறைத்த ஒருவன்—'

அடித்துவிட்டேன். கார் வருவதற்கு முன் ஃபிட்டரிடம் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுப் போனது பகல் பன்னிரண்டரைக்கு, ஆலை கேன்டீன் வாசலில், நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

இரண்டாவது: 'பூட்டு என்பது என்ன? மனிதன் மனிதன்மேல் வைக்கிற—'

இதையும் அடித்தேன். இந்த மாதிரி ஆரம்பித்தால் ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். நீங்களும் போய்விடுவீர்கள்.

மூன்றாவது நின்றது:

கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒன்பது கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தார். சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுத்தான் வண்டியை நிறுத்தியிருந்தார். வந்தவர்கள் பூட்டைத் தொடவே இல்லை. வண்டியை அப்படியே தூக்கி லாரியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தெருக்காரர்கள் வழியில் மறித்து வண்டி எங்கே என்று கேட்டார்கள். ஹெல்மெட்டைக் காட்டினார். வீட்டில் அதை ஓர் ஆணியில் மாட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் இப்போது சிலந்தி குடியிருக்கிறது. தட்டிவிட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

வண்டி போனதைவிட அந்த நடைதான் அவரை அறுத்தது. எட்டு வருடம் தன் கையால் பிரித்து மாட்டிய வண்டி.

3

ஆறு வருடம் கழித்து கார் வந்தது. அவர் குடும்பத்தில் முதல் கார். மூன்றாம் கை வாங்கியது, ஆனாலும் கார். வந்த அன்றைக்கே பூட்டும் வந்தது.

கதவுப் பூட்டை யார் வேண்டுமானாலும் கம்பி விட்டுத் திறப்பான் என்பதால் ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே தண்டு. தண்டை அறுக்கலாம் என்பதால் கியருக்கு ஒரு பூட்டு. கியரை உடைக்கலாம் என்பதால் பெட்ரோல் பம்பை நிறுத்துகிற ரகசிய சுவிட்ச். அது எங்கே இருக்கிறது என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு பெடலுக்கு ஒரு பூட்டு. சக்கரத்துக்கு ஒரு மஞ்சள் கவ்வி. ஸ்டெப்னிக்குச் சங்கிலி. சக்கர நட்டுகளில் ஒன்று, அவர் செய்த ஸ்பேனரால் மட்டும் கழலும். கண்ணாடிகளில் வண்டி எண்ணைக் கீறியிருந்தார். பேட்டரிக்குப் பெட்டி. சீட்டுக்கு அடியில் வண்டி எங்கே போகிறதென்று போனுக்குச் சொல்கிற கருவி. அது வாங்கிய மூன்றாம் மாதமே செத்துவிட்டது. ஆனால் அதன் ஸ்டிக்கர் கண்ணாடியில் உயிரோடு இருந்தது, அதுவே பாதிப் பயம் காட்டும் என்றார். இதற்கெல்லாம் மேலே அலாரம்.

அலாரம் பூனை குதித்தால் அடித்தது. இடி இடித்தால் அடித்தது. எதிர்வீட்டு வாத்தியார் தும்மினால் அடித்தது என்று வாத்தியாரே சொல்கிறார். முதல் வாரம் தெருவே ஓடி வந்தது. இரண்டாம் வாரம் ஜன்னல்கள் திறந்தன. மூன்றாம் வாரத்திலிருந்து ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தனையும் எதற்கு? கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே போகும். ஆலைக்குக் கொண்டுபோனால் கல்தூள் பெயின்டைத் தின்றுவிடுமாம். அதனால் வேலைக்குக் கம்பெனி பஸ். ஆனால் அலாரம் பேட்டரியை உறிஞ்சுகிற சாமான், ஓட்டாத வண்டியில் நாலு நாளில் பேட்டரியைக் காலிசெய்துவிடும். ஆகவே தினமும் காலையில் எல்லாப் பூட்டையும் திறந்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் பூட்டுவார். திறக்கப் பதினொரு நிமிடம், பூட்ட ஒன்பது.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்து பேனாவை வைத்தேன். இந்த மனிதரை நான் கோமாளி ஆக்குகிறேனோ? ஆலையில் இவர் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். இவர் முட்டாள் இல்லை. ஒருமுறை கையில் ஹெல்மெட்டோடு நடந்தவர். சிரியுங்கள், ஆனால் அதை நினைவில் வைத்துக்கொண்டு சிரியுங்கள்.]

இனி அவர் செய்த தவறு. ஆலையில் ஒரு பழக்கம் உண்டு: ஸ்டோரில் இருக்கிற ஒவ்வொரு சாவிக்கும் மாற்றுச் சாவி உண்டு, அது பலகையில் வரிசையாக, எண் தகடு போட்டுத் தொங்க வேண்டும். தேடி எடுக்கிற சாவி வேலையைக் கெடுக்கும். பத்தொன்பது வருடப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை அடித்து, காரின் மாற்றுச் சாவிகளை எல்லாம், எதை முதலில் திறக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எண் போட்டு மாட்டிவைத்தார்.

திருடன் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவான் என்பது அவர் கணக்கு.

4

ஒரு செவ்வாய்க்கிழமை எஞ்சினைப் போட உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட் இரண்டு புள்ளி முன்னால் நகர்ந்திருந்தது.

என் முதல் பிரதியில் இங்கே ஒரு திருடன் வருகிறான். குள்ளமானவன். நான் அவனுக்கு மீசை வைத்தேன், ஒரு நோயாளித் தம்பியையும் கொடுத்தேன். வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து, பதினொன்றையும் முறையாகப் பூட்டிவிட்டுப் போகிற திருடன். இரண்டு பக்கம் அவனோடு மல்லுக்கட்டினேன். அவனுக்கே தான் எதற்கு வந்தோம் என்று புரியவில்லை. வேலையை விட்டு நீக்கிவிட்டேன்.

ஃபிட்டர் மட்டும் அவனை நம்பினார். வாத்தியாரிடம் விசாரித்தார். வாத்தியார், அலாரம் அடிக்கவில்லையே, அதனால் நிம்மதியாகத் தூங்கினேன் என்றார். ஃபிட்டர் மனைவியிடமும் கேட்டார். அவள், "யாரு வரப்போறா, இவ்வளவு பூட்டையும் திறந்து முடிக்கிறதுக்குள்ள அவனுக்கே வயசாயிடும்" என்றாள்.

உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மறைத்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்ட எனக்கும் இஷ்டமில்லை. அவள்தான்.

அவள் ஒரு சலவை நிலையத்தில் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினில் கொடுத்து வாங்குகிற வேலை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் செருப்பின் வார் காலிலேயே பதிந்திருக்கும். அங்கே துணி கொண்டுபோய்க் கொடுக்கிற வேனை ஓட்டுகிறவளும் பெண்தான். எல்லோருக்கும் வேன் அக்கா. இரண்டாவது வேன் வரப்போகிறது என்று அந்த அக்காதான் முதலில் சொன்னாள். "உட்கார்ந்து செய்யற வேலைடி. லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு வா."

அவள் கணவரிடம் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது. கார் ஓட்டக் கத்துக்கட்டுமா என்று. அவர், பார்க்கலாம் என்றார். மறுவாரம் பெடலுக்குப் பூட்டு வந்தது.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். நான் நம்புகிறேன். அவள் நம்பவில்லை.

பழகுநர் லைசென்ஸை வாங்கினாள். அவளுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை, வேன் அக்காவுக்கும் அன்றைக்குத்தான். கணவர் பஸ் ஏறியதும் கதவுக்குப் பின்னால் போய், எண் வரிசைப்படி சாவிகளை எடுப்பாள். பலகை அவ்வளவு ஒழுங்காக இருந்தது, ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ரகசிய சுவிட்ச்? இரண்டு வருடமாகத் தினமும் காலையில் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறாள், எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால் அவர் இடது தோள் ஒரு பக்கமாகச் சரியும். அவ்வளவு போதாதா? அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். காலி மைதானத்தில் ஆரம்பித்து, பிறகு தெரு, பிறகு பெரிய சாலை. திரும்ப வந்ததும் ஒவ்வொன்றாகப் பூட்டி, சீட்டை இரண்டு புள்ளி பின்னால் தள்ளிவிடுவாள். ஒரே ஒரு திங்கட்கிழமைதான் மறந்தாள்.

5

இந்த இடத்தில் கதை நகர மறுத்தது. பூட்டுக்கு மேல் பூட்டு என்று போனால் அது வெறும் எண்ணிக்கை. ஃபிட்டர் பன்னிரண்டாவது பூட்டைக் கடையில் வாங்கப்போவதாக எழுதினேன். கடைக்காரர்—

இல்லை. அவர் கடைக்குப் போகவில்லை. ஆலையிலிருந்துதான் கொண்டுவந்தார்.

கிரஷரில் வேலை செய்யாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மெஷினைப் பழுது பார்க்க ஆள் உள்ளே இறங்கும்போது, மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஒரு கொண்டி மாட்டுவார்கள். நண்டுக் கால் மாதிரி வாய் திறந்து மூடும், ஆறு துளை இருக்கும். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை ஒரு துளையில் போட வேண்டும், கூடவே ஒரு சீட்டுக் கட்ட வேண்டும்: பெயர், வேலை, முடியும் நேரம். ஐந்து பேர் வெளியே வந்து கழற்றினாலும், ஆறாவது பூட்டு இருக்கிறவரை சுவிட்ச் மேலே போகாது. போட்டவர்தான் கழற்ற வேண்டும். அந்தத் தனிப்பூட்டுக்கு மாற்றுச் சாவி கிடையாது. மேனேஜரே வந்தாலும் கிடையாது. (எழுத வருவதற்கு முன் நானும் ஓர் ஆலையில் இருந்தேன், எனக்கும் அப்படி ஒரு பூட்டு இருந்தது. எண் 14.)

ஒருமுறை, உற்பத்தி நிற்கிறதென்று ஒரு சூப்பர்வைசர் பூட்டை அறுத்துவிட்டார். எல்லோரும் வெளியே வந்துவிட்டதாக நினைத்தார். பெல்ட்டுக்கு அடியில் ஃபிட்டரின் கூட்டாளி இருந்தான். அவனுக்கு இப்போது ஒரு கைதான். இன்றைக்கும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது ஃபிட்டர்தான், தினமும் காலையில், பஸ்ஸில்.

சீட் நகர்ந்த அந்த வாரம், கழித்துப் போட்ட கொண்டி ஒன்றை ஃபிட்டர் கேட்டு வாங்கிவந்தார். ஸ்டீயரிங் தண்டின் முனையில் அதை வெல்டிங் வைத்தார். தன் தனிப்பூட்டை முதல் துளையில் போட்டார். இதற்கு மாற்றுச் சாவி இல்லை. ஒரே சாவி, அது அவர் பெல்ட்டில். பலகையில் அந்த எண்ணுக்கு நேராக வெற்று ஆணி.

"இனி எவன் வர்றான்னு பாப்போம்" என்றார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும். வேன் அன்றைக்குத் துணி ஏற்றிக்கொண்டு போய்விடும். அன்று தேறாவிட்டால் இரண்டாவது வேனுக்கு வெளி ஆளைப் போட்டுவிடுவார்கள், அவள் மறுபடியும் நீராவிக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

6

வியாழன் காலை. ஃபிட்டர் வழக்கம்போலப் பதினொரு நிமிட வேலையை ஆரம்பித்தார். கவ்வி, அலாரம், கதவு. உள்ளே உட்கார்ந்தார். கொண்டியின் இரண்டாவது துளையில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு. சலவை நிலையத்தில் அவள் கைப்பை வைக்கிற அலமாரியின் பூட்டு. அதில் நூலால் கட்டிய அட்டை. அவளுடைய கொட்டைக் கொட்டை எழுத்து:

பெயர்: வீட்டுக்காரி.
வேலை: ஓட்டுநர் தேர்வு.
முடியும் நேரம்: இன்று பகல் பன்னிரண்டு.
உள்ளே ஆள் இருக்கிறார். கழற்றாதீர்.

அவர் பையில் கட்டர் இருந்தது. பித்தளை, இரண்டு நிமிட வேலை. கட்டரை எடுத்துப் பூட்டின் வளையத்தில் வைத்தார்.

[இங்கே அவரை அறுக்கவிட்டுப் பார்த்தேன். பத்து வரி எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் அவர் கை நின்றது. கடைசியில் நான்தான் அறுத்ததாக ஆயிற்று. அந்தப் பத்து வரியையும் எடுத்துவிட்டேன்.]

கட்டரைப் பையில் வைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் அலாரத்தை மறுபடியும் போட்டுவிட்டு உள்ளே போனார். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"பூட்டு."

"பூட்டுன்னு தெரியுது. எதுக்கு?"

"சீட்டுல எழுதியிருக்கேனே."

"படிச்சேன்."

"அப்புறம் என்ன? ஆலைல சீட்டைப் படிச்சதும் எல்லாரும் கம்முனு தள்ளிப் போயிடுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. கார் சீட்டை நகர்த்தியது நீதானா என்று கேட்டார். ரெண்டு புள்ளி தள்ளினாத்தான் எனக்குக் கால் எட்டுது என்றாள். பெட்ரோலும் போட்டேன், அதை நீங்க கவனிக்கல என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டேன், பெடலுக்குப் பூட்டு வாங்கினீங்க என்றாள்.

"எங்கயாவது இடிச்சிருந்தா?"

"இடிக்கல."

"இடிச்சிருந்தா?"

"இன்னொரு பூட்டு வாங்கியிருப்பீங்க."

ஹாரன் இரண்டாவது முறை அடித்தது. பிறகு பஸ் போகிற சத்தம். பத்தொன்பது வருட வேலையில் அவர் நேரம் தவறுவது இது முதல் முறை. பஸ்ஸில் ஒருவன் பொத்தான் போடாத சட்டையோடு அவரைத் தேடியிருப்பான் என்று அவருக்குத் தோன்றியது.

சீப்பை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். "பத்து வருஷம் நின்னுட்டேங்க. போதும். உங்க காரை யாரும் எடுத்துட்டுப் போகல. நான் அதுக்குள்ளதான் இருந்தேன்."

அவர் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றினார். உடனே கொடுக்கவில்லை. அந்த சுவிட்ச் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இடது தோளைச் சரித்துக் காட்டினாள். அச்சு அசலாக அவர்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

7

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

ஒன்றில் அவள் தேறிவிடுகிறாள், வேனில் வருகிறாள், தெருவே வெளியே வந்து பார்க்கிறது, வாத்தியார்கூடக் கையசைக்கிறார். எழுதிப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றில், இவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் காரை லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், பன்னிரண்டு பூட்டோடும். நண்பர் ஒருவர் இதுதான் நல்ல முடிவு என்றார். அவர் ஒருநாளும் ஹெல்மெட்டோடு நடந்ததில்லை.

மூன்றாவதில் அவள் தேறவில்லை. இதையும் எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையில் யார் தேறுகிறார்கள் என்று—

பாதியில் விட்டுவிட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது மட்டும்தான். இருவரும் காரில் ஏறினார்கள். அவர் தன் பூட்டைக் கழற்றினார், அவள் தன்னுடையதைக் கழற்றினாள், தண்டு விலகியது. மணி ஒன்பதரை. அவர் ஓட்டுகிற பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். கீழே கையை விட்டு நெம்புகோலைப் பிடித்து, சீட்டை இரண்டு புள்ளி முன்னால் தள்ளினார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. இறங்கி, வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்து, அவள் எழுந்து மாறுவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அலாரத்தை அணைக்க மறந்துவிட்டார்கள். அது அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

8

தேர்வில் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு அவர் வீட்டிலேயே நான் கேட்டிருக்கலாம். சமையலறை எட்டடி தூரம்தான். கேட்கவில்லை.

இப்போது கேட்கவும் முடியாது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொண்டியில் ஆறு துளை. ஃபிட்டர் தன் பூட்டை எடுத்துவிட்டார். அவள் எடுத்துவிட்டாள். இந்தக் கதையின்மேல் நான் போட்டிருந்த எண் 14-ஐயும் இதோ கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் இன்னும் ஒரு பூட்டு தொங்குகிறது, உங்களுடையது. ஒன்பதரை மணியிலிருந்து அந்தக் காரின் பின்சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே ஆள் இருக்கும்போது சுவிட்சைப் போட எனக்கு உரிமை இல்லை. மாற்றுச் சாவியும் என்னிடம் கிடையாது.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டாள். இடது தோளைச் சரிக்கிறாள். சீட்டு எழுதிவைத்திருக்கிறேன், மீதியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெயர்: ....................
வேலை: வாசிப்பு.
முடியும் நேரம்: ....................